இரைச்சலுக்கு அடியில்

மனைவி ஒரு முறை மூச்சு விட்டால் ஸ்பீக்கரில் இரண்டு முறை கேட்டது. முதல் மூச்சில் விசில் இருந்தது. குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் வைத்த குழாயின் விசில். அடுத்ததில் விசில் இல்லை. எதிரொலியாக இருக்கும் என்று மைக்செட்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முப்பது வருடம் ஊர் ஊராக ஸ்பீக்கர் கட்டியவருக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்வது பெரிய விஷயமே இல்லை. ஆனால் இது உயிர் விவகாரம். போன வாரம் குழாயில் சளி அடைத்து அவள் பின்னறையில் துடித்தபோது, இவர் முன்னறையில் சாவகாசமாக ஏதோ ஒரு செட்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. டம்ளரைத் தட்டிவிட்டாள், அந்தச் சத்தம்தான் காப்பாற்றியது. அன்றைக்கே அவள் தலைமாட்டில் மைக், இவர் மேஜைமேல் ஸ்பீக்கர். இரைச்சலை வடிகட்டும் கண்டன்சரை அவசரத்தில் பெட்டியில் கிடந்த பழசாகப் போட்டதால் ஓயாத இரைச்சல். அடுத்த அடைப்பு அதில் அமுங்கிப்போனால்?

பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"புது கண்டன்சர் பெருசா ரெண்டு அனுப்புறேண்ணே. டிரான்ஸ்ஃபார்மரை போர்டை விட்டுத் தள்ளி வைங்க. இரைச்சல் ஓடியே போயிடும்."

"எதிரொலி மாதிரியும் ஒண்ணு வருதுப்பா."

"மைக் ஒரு ரூம்ல, ஸ்பீக்கர் ஒரு ரூம்ல. எதிரொலி எப்படிண்ணே வரும்?"

புதுக் கண்டன்சர்களைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் முகம் வெளிறியது. சிலேட்டை இழுத்து எழுதினாள்: பழசே இருக்கட்டும்.

"மைக்செட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. நகம் பதிந்த இடம் எரிந்தது.

மதியம் மூன்று மணி. ஜன்னலில் நல்ல வெயில், ஈயம் உருகிய வாசனை, தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். கடைசிக் கம்பியைப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டார். இரைச்சல் துளியும் இல்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான செட்டை அவர் செய்ததில்லை.

விசிலோடு ஒரு மூச்சு.

விசில் இல்லாமல் ஒரு மூச்சு. நிதானமாக. மைக்குக்கு வெகு அருகில்.

பிறகு, "என்னங்க."

அவள் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய குரல். அதே இழுவை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார்!

"என்னங்க. கொஞ்சம் வாங்களேன்."

ஓடினார். பின்னறை வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

அவள் கட்டிலின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. குழாயில் விசில். நெஞ்சோடு அணைத்த சிலேட்டில் கோணல்மாணலாக எழுத்து.

தினமும் உங்களத்தான் கூப்பிடுது. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் புதுசு வேணாம்னேன்.

பக்கத்தில் அவருடைய தலையணை. நடுவில் பள்ளம். யாரும் இல்லை.

முன்னறை ஸ்பீக்கரில் அவள் குரல் கனிவாகச் சொன்னது.

"வந்துட்டீங்களா? கதவைச் சாத்திட்டு வந்து படுங்க."

அவர் படுக்கும் பக்கத்தில் போர்வையின் ஓரம், உள்ளிருந்து யாரோ தூக்கிப் பிடித்ததுபோல் மெல்ல உயர்ந்து, அவருக்கு இடம் விட்டது.