ஆளற்ற இடம்

படத்தில் யாரும் இருந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் ஹெல்கா அந்தச் சனிக்கிழமை மதியம் கடைவளாகத்தின் மாடிக் கைப்பிடியோரம் முக்காலியை விரித்து, லென்ஸுக்கு முன்னால் கரியைப் போன்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டி, நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தாள். அவ்வளவு நேரம் திறந்திருக்கும் கேமராவுக்கு நடமாடுகிறவர்கள் தெரிய மாட்டார்கள். தரை பதியும், தூண் பதியும், பெஞ்சு பதியும். மனிதர்கள் ஆவியைப் போலக் கரைந்துபோவார்கள். தண்டர் பே ஊரே பனிக்கு ஒதுங்கி அங்கே வந்து இரைந்துகொண்டிருந்தது. படத்தில் மட்டும் அத்தனை கூடமும் காலி.

ஒருவனைத் தவிர.

நடுக்கூடத்துப் பெஞ்சில், பழுப்பு மேலங்கி அணிந்து உட்கார்ந்திருந்தான். கலங்கலே இல்லை. மேலங்கியின் பித்தான்களில் நூல்கூடத் தெரிந்தது. வீட்டில் கணினித் திரையில் ஹெல்கா அவனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூச்சு விட்டாலே தோள் மங்கியிருக்கும். இமைத்திருந்தால் கண்.

திங்கட்கிழமை மாலை, தேவாலய நிலவறையில் புகைப்பட மன்றம் கூடியபோது ஆர்வோவிடம் காட்டினாள். காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்வோதான் மன்றத்தில் அவளுக்கு நெருக்கமானவர். இந்த மாதப் போட்டிக்குக் கொடுத்திருந்த தலைப்பு ‘ஆளற்ற இடம்’.

“பொண்டாட்டி துணிக்கடைக்குள்ள போயிருப்பா. பாவம், இவன் உக்காந்த எடத்துலயே ஒறைஞ்சுட்டான்” என்று சிரித்தார் ஆர்வோ.

“மூச்சுகூட விடாமயா?”

“என் மச்சான் சர்ச்சுல அப்படித்தான் உக்காருவான். விடும்மா. மறுபடி போய் எடு. எல்லாரும் ஒறைஞ்ச ஏரியத்தான் கொண்டு வரப்போறாங்க. கூட்டத்துக்கு நடுவுல ஆளில்லாத எடத்தைக் காட்டணும்னு உனக்குத்தான் தோணியிருக்கு. கோப்பை உனக்குத்தான்.”

கணினியில் அவனை அழித்துவிட்டுக் கொடுக்க முடியாது. மன்றத்தின் விதி அது. கேமரா கண்டதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மகள் மின்னாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் அப்பா வடக்கே சுரங்க வேலைக்குப் பறந்து போயிருந்தார். எட்டு வயது மின்னா ஓர் இடத்தில் நிற்கிற ஜாதியே இல்லை. இளஞ்சிவப்புக் கிரீம் பூசிய பெர்ஷியன் பன்னைத் தின்றபடி முக்காலியின் இடப்பக்கம் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாள். ஷட்டரைத் திறக்கும் முன் ஹெல்கா பெஞ்சைப் பார்த்துக்கொண்டாள். காலி. ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுக்கப் பெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் உட்காரவில்லை.

படத்திலும் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

அவன் எழுந்து வந்திருந்தான். மாடிக்கு நேர்கீழே, அண்ணாந்து பார்த்தபடி நின்றான். மெழுகு போல வழவழத்த முகம். கேமராவைத்தான் பார்க்கிறான் என்று முதலில் நினைத்தாள். இல்லை. பார்வை கேமராவுக்குச் சற்றே இடப்பக்கம் விலகியிருந்தது.

ஹெல்கா திரும்பி இடப்பக்கம் பார்த்தாள். மின்னா விரலில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா! கையை ஏன் இப்படி இறுக்குறே? வலிக்குது!”

காரில் ஏறி எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்ட பிறகுதான் ஆர்வோவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏதோ பழைய படத்தோட மிச்சம் சென்சார்ல ஒட்டியிருக்கும்” என்றார் அவர். “வீட்டுலயே ஒண்ணு எடுத்துப் பாரு. அந்தப் படத்துலயும் இவன் இதே எடத்துல நின்னான்னா கேமராவுலதான் கோளாறு. ரிப்பேருக்கு அனுப்பிடலாம்.”

“வேற எடத்துல நின்னா?”

“அப்ப எனக்குப் போன் பண்ணாதே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது.

கோளாறுதான் என்று தெரிந்துவிட்டால் போதும், இன்றிரவு தூங்கிவிடலாம் என்று ஹெல்காவுக்குத் தோன்றியது. அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கூடத்தில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு முக்காலியை நிறுத்தினாள். மின்னாவை மாடியில் தனியே விட மனம் வரவில்லை, கண்ணெதிரே இருக்கட்டும்.

“மின்னா, ஆடிக்கிட்டே இரு. நான் சொல்ற வரைக்கும் நிக்கவே கூடாது.”

“எப்பவும் ‘உக்காருடி கொரங்கே’ன்னுதானே கத்துவே? இன்னிக்கு என்னாச்சு?”

“ஆடுடி.”

ஷட்டர் திறந்தது. மின்னா ஏதோ ஒரு மெட்டை மூக்கால் பாடியபடி கம்பளிக் காலுறைக் கால்களால் தொம்தொம்மென்று குதித்து ஆட, அடித்தளத்திலிருந்து வெப்பக்காற்று உலை நீளமாக உறுமிக்கொண்டிருக்க, சன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டியொன்று தெருவைச் சுரண்டியபடி போய், அதன் மஞ்சள் விளக்கு சுவரில் ஒருமுறை ஊர்ந்து மறைந்தது. ஹெல்கா கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தாள். எங்கும் யாருமில்லை. ஆனால் நனைந்த கம்பளித் துணி நாளெல்லாம் மூடிய அலமாரிக்குள் கிடந்ததைப் போன்ற வாடை மட்டும், எங்கிருந்தோ, மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டு வந்தது.

ஷட்டர் மூடியது. படம் உடனே வராது. இவ்வளவு நேரம் திறந்திருந்த கேமரா, படத்தில் விழும் பொய்ப்புள்ளிகளைக் கழிப்பதற்காக, மூடிய ஷட்டருக்குப் பின்னால் அதே அளவு நேரம் வெறும் இருட்டையும் பதிவு செய்தாக வேண்டும். அதுவரை சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டும்.

ஹெல்கா மண்டியிட்டுத் திரைமேல் குனிந்தாள். ஆடியபடியே முக்காலியைச் சுற்றி வந்துவிட்ட மின்னா இப்போது அவளுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தாள். தொம். தொம்.

“கால் வலிக்குதும்மா.”

“இன்னும் கொஞ்சம்தான். நிக்காதே.”

சிவப்பு. இருட்டு. சிவப்பு. வாடை இப்போது பிடரிக்கே வந்துவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து வரவில்லை. மின்னாவின் பாட்டு கேட்கும்வரை ஒன்றுமில்லை. பாடுகிறாள். குதிக்கிறாள். அது போதும்.

தொம்.

தொம்.

பாட்டு ஒரு சொல்லின் பாதியில் நின்றது.

“மின்னா?”

உலையின் உறுமல் மட்டும்.

“மின்னா, ஆடு. ஆடுன்னு சொன்னேன்ல?”

திரை வெளிச்சமானது. படம்.

சோபா. விளக்கு. கம்பளம். மின்னா படத்தில் இல்லை. ஆடிக்கொண்டிருந்தாளே, இருக்கக் கூடாது. அவன் இருந்தான். கம்பளத்தின் நடுவில். முதுகை வளைத்துக் குனிந்திருந்தான். வலது கை முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி. வெறும் காற்றின்மேல். ஒரு குழந்தையின் தலை உயரத்தில். காத்துக்கொண்டிருந்தான்.

ஹெல்கா திரும்பினாள்.

குதித்த குழந்தை கீழே இறங்கவில்லை. இரண்டு கால்களும் தரையைத் தொடாமல், வாய் பாட்டின் பாதியில் திறந்தபடி, மின்னா அந்தரத்தில் நின்றிருந்தாள். கண் இமைக்கவில்லை. வீசியெழுந்த சடை தலைக்குமேல் வளைந்து, விழாமல் அப்படியே நின்றது. உச்சந்தலை முடி மட்டும், ஒரு பெரிய உள்ளங்கையின் அகலத்துக்கு, அமுங்கியிருந்தது.