அமில மேகத்தில் மிதப்பவள்

அயோத்தியாப்பட்டணத்தில் அன்று மாலை பேய் மழை. பேக்கரிக் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்த தீபிகா, போனில் தோழியிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளி கிரகத்துல மழையே ஆசிட்தான்டி... தரையைத் தொடறதுக்குள்ள சூட்டுல ஆவியாயிடும். செம ரொமான்டிக் இல்ல?"

பக்கத்தில் நின்றவன் திரும்பினான். இடது கன்னம் முதல் கழுத்து வரை தோல் உருகி இறுகிக் கிடந்தது. அதற்கு மேலே... அந்தக் கண்கள். ஈரத்தில் கறுத்த பாறைபோல் அசையாத கண்கள்.

"ஆசிட்டுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

அவன் பெயர் நந்தகுமார். நாமகிரிப்பேட்டைக்காரன். ஆசிட் டேங்கர் ஓட்டியவன். வண்டி கவிழ்ந்த அன்று கூட வந்த தம்பி யோகேஷை இழுக்கப் போனான். தம்பி பிழைக்கவில்லை. மழை விடும்வரை, கேட்டதற்கு மட்டும் பதிலாக, இவ்வளவையும் சொன்னான்.

"நீங்க என்ன வேலைங்க?"

"சேலத்துல ஆராய்ச்சி. வெள்ளியில தரை நரகம்... ஆனா ஐம்பது கிலோமீட்டருக்கு மேல, மேகத்துக்குள்ள, நம்ம ஊர் வெயில்தான். அங்க பலூனை மிதக்கவிடலாம். ஆசிட்டைத் தாங்குற உறை வேணும். அதைத்தான் செஞ்சுட்டிருக்கேன்."

"தாங்குதுங்களா?"

"இன்னிக்கும் பொத்துப்போச்சு. மூணு வருஷ வேலை."

"அப்பறம் எதுக்குச் சிரிச்சீங்க?"

"அழுதா போன்ல இருந்தவ பயந்துடுவா..."

அவன் உள்ளே போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

அதன்பிறகு சிகிச்சைக்குச் சேலம் வரும்போதெல்லாம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

"ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குங்க இத்தனை பாடு?"

"இருக்கற ஊர்ல யாரு என்னைக் கேக்கறாங்க?"

"நான் கேக்கறனுங்களே..."

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டு ரோட்டைப் பார்ப்பான். அவள் மனசு எங்கேயோ மேலே... மேகத்துக்குள் மிதக்கும்.

ஆத்தூர் வீட்டுக்கு அவனை அழைத்துப் போனது அவள் செய்த தப்பு. அப்பா சென்றாயன் வந்தவனிடம் மரியாதையாகத்தான் பேசினார். பிறகு அடுப்படியில் மகளிடம் கேட்டார். "தினமும் எதிர்ல உக்காந்து சோறு திங்க முடியுமா உன்னால?"

கூடத்தில் இருந்தவனுக்கும் அது கேட்டது. அன்றோடு அவன் போன் அணைந்துபோனது.

ஐப்பசியில் அவளே பஸ் ஏறி நாமகிரிப்பேட்டை போனாள். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். மூச்சு இழுத்தது.

"அப்பா சொன்னதுக்காகவா வரல?"

"அதுக்கில்லீங்க. வண்டி கவுந்த அன்னைக்குக் குடிச்ச ஆசிட் புகை நுரையீரல்ல எறங்கிருச்சு. இன்னும் எத்தனை வருசமுன்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். நீங்க போயிருங்க."

அவள் கட்டிலுக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். உங்களைப் பிடிச்சிருக்கு... எத்தனை வருஷம்னு நான் கேக்கலையே."

அவன் இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குந்தானுங்க... சொன்னா இங்கயே இருந்துருவீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்."

"பயந்தது சரிதான்," என்ற தீபிகா பையை இறக்கி வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.