பத்தொன்பதால் வகுத்தால்

சிலேட்டில் ‘19’ என்று யார் எழுதியது? சைதூன் எழுதவில்லை. நேற்று அவள் பதினேழோடு நிறுத்திவிட்டுத்தான் பலப்பத்தை மாடத்தில் வைத்தாள்.

வீட்டிலோ அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. கணவன் காஜா மொய்தீன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் மூழ்கிவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று தந்தி வந்த நாளிலிருந்து இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது. சதுரங்கப்பட்டினத்துக் கடல் ராப்பகலாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும்; பேச்சுத் துணைக்கு அது ஒன்றுதான். தனிமை ஆளை அரித்துத் தின்றது. அதனால்தான் கணக்கைக் கையில் எடுத்தாள்.

அவன் கொடுத்துவிட்டுப் போன கணக்கு. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 510511. அந்த ஏழு எண்ணில் எதால் வகுத்தாலும் மீதி ஒன்று. ஒவ்வொரு தடவை அவன் கப்பலேறும்போதும், “என்னையும் இட்டுகினு போ மச்சான்” என்று இவள் அழுவாள். அவன் சிரிப்பான்.

“மீதி இல்லாம வகுத்துக் காட்டு, சைதூ. அன்னிக்கே வந்து இட்டுகினு போறேன். பதினேழு வரைக்கும் போட்டாப் போதும்.”

பாவி மனுஷன், அதற்குமேல் போடவே விடமாட்டான்.

சாயங்காலம் மீன் கொண்டுவந்த கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா பாயம்மா, தண்ணி கொட்டிட்டியா? கூடமெல்லாம் ஈரமாக் கீது.”

“இல்லியே.”

கன்னியம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, மீனை வைத்துவிட்டுப் போனாள்.

மஃரிப் பாங்கு ஓய்ந்தது. சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கூடத்தில் ஏறிவந்த உப்புவாடையையும் உள்ளறையில் சொட்டுச் சொட்டாக எங்கோ விழுந்த தண்ணீரையும் பொருட்படுத்தாமல், பொழுது போனால் போதும் என்று சைதூன் பத்தொன்பதால் வகுக்கத் தொடங்கினாள். மிச்சம் பதிமூன்று. பதினாறு. மறுபடி பதிமூன்று. பதினேழு. கடைசியில் நூற்று எழுபத்தொன்று.

ஒன்பது பத்தொன்பது நூற்று எழுபத்தொன்று.

மீதி சுழி.

சொட்டுச் சத்தம் நின்றது.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள். ஈரத்துணி தரையில் இழுபட்டது.

வரமாட்டானா என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு, வந்துவிட்டான் என்றதும் கூடப் போகத் தோன்றவில்லை. சாக மனமில்லை. யா அல்லா, அவளுக்குச் சாகவே மனமில்லை.

“வேணாம் மச்சான். நான் இங்கியே இருந்துக்கறேன்.”

எச்சிலைத் தொட்டுச் சுழியை அழித்தாள். ‘1’ என்று எழுதினாள்.

விளக்கு அலைந்தது.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. நகக்கண்ணெல்லாம் மணல். ஒற்றை விரலால் அந்த ஒன்றை நிதானமாகத் துடைத்தது.

“தப்புக் கணக்கு, சைதூ.”

பிறகு, பலப்பம் பிடித்திருந்த அவள் கையைப் பற்றி, மெல்ல, வட்டமாக, சுழி போட ஆரம்பித்தது.