அசலுக்கு முன்னால்

அருணாதேவி மாடிப்படியின் உச்சியில் நின்று மகளைக் கூப்பிட்டாள். "கீதா" என்பதில் பாதிதான் வாயை விட்டு வெளியே வந்திருந்தது. அதற்குள் கீழேயிருந்து "இன்னாம்மா" என்று பதில் வந்துவிட்டது. ஏழு வயசுப் பெண், நாலு முறை தொண்டை கிழியக் கத்தினால்தான் "ம்" என்றாவது சொல்லும். ஸ்கூல் விட்டு வந்ததும் இன்றைக்கு நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வேர்க்கடலை வேகவைத்திருக்கிறேன், எடுத்துச் சாப்பிடு, அம்மாவுக்கு ஆறு மணிக்குள் வேலை முடியவேண்டும் என்று சொல்லிவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வேங்கிக்காலில் கட்டி ஒரு வருஷமே ஆன வீடு. புழுக்கத்தில் சுவரிலிருந்து பச்சை சிமெண்ட் வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது, அதன் மேல் வெந்த கடலையின் மண் வாசனை, தூரத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து குவிந்த பஸ்களின் ஓயாத ஹாரன், மேஜைமேல் லேப்டாப் விசிறியின் கீச்சுக் கத்தல். அந்தக் கத்தல் கீழ்வரை கேட்கும். "மேல இன்னாம்மா சத்தம்?" என்று கீதாஞ்சலி கேட்கும்போதெல்லாம் அவளும் ஒரே பதிலைச் சொல்வாள். "வேலை ஓடுதுடி. அது அப்படித்தான் கத்தும்."

அவள் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு மென்பொருளுக்குக் குப்பையை அள்ளி அள்ளிக் கொடுத்து, எந்தக் குப்பையில் அது குப்புற விழுகிறது என்று பார்க்கிற ஃபஸ் டெஸ்டிங். இந்த மாதம் வாசல் கேட்டில் மாட்டும் ஒரு பேசும் பெட்டி. வெளியே தெரிந்த குரல் கேட்டால் அது கேட்டைத் திறந்துவிடும். கம்பெனி அனுப்பிய சாம்பிளைத் தன் வீட்டு கேட்டிலேயே மாட்டி லேப்டாப்போடு இணைத்திருந்தாள். மகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள்: பெட்டியில அம்மா குரல் கேட்டாத்தான் உள்ளே வரணும், வேற யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது.

லட்சம் தடவை யார் வாசலில் போய் நிற்பது? அதற்குத்தான் மென்பொருளுக்கு முன்னாலேயே ஏற்றிவிடும் ஒரு சின்னத் துணை நிரல், லைப்ரரி என்பார்கள். மென்பொருள் "வாசலில் யார்" என்று கேட்கும். அசல் பதில் வருவதற்குள் லைப்ரரி குறுக்கே புகுந்து "வந்துட்டாங்க" என்று பொய் சொல்லிக் குப்பையை நீட்டும். மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது. தொடங்குவதற்கு ஒரு நல்ல மாதிரி வேண்டும் என்பதால் கீதாஞ்சலியின் குரலில் மூன்று வினாடி கொடுத்திருந்தாள். "அம்மா, நான் வந்துட்டேன்." கருவி அதைக் கலைத்துக் கலைத்துப் போடும். கேட்டைத் திறக்காததைத் தூக்கி எறியும். திறந்ததைக் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி கலைக்கும்.

லைப்ரரியை அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் ஏற்றும்படி ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுக்கவேண்டும். காலையில் சலித்துப்போய், லேப்டாப்பில் எந்த மென்பொருள் கிளம்பினாலும் முதலில் படிக்கிற பொதுப் பட்டியலில் அதன் பெயரை எழுதிவிட்டாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். இவள் கை எங்கெல்லாமோ போய்விட்டது.

நாலு மணிக்கு ஓட்டத்தை நிறுத்தினாள். ஆனால் கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. சென்னையில் இருக்கும் உடன் வேலை செய்யும் கலையரசனுக்குப் போன் போட்டாள். அவன் முதலில் சிரித்தான், பட்டியலில் எழுதியதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினான்.

"அதுல எழுதிட்டீங்களாக்கா? அப்ப யாரு யாரைக் கூப்பிட்டாலும் மொதல்ல அதுதான் போய் நிக்கும். ஒடனே அழிங்க."

அழித்தாள். எண்ணிக்கை ஏறிற்று. கடைசியாக வந்த கோப்பைத் திறந்து கேட்டாள்.

"வரேன்டி தங்கம்."

அவள் குரல். சளி பிடித்தபோது கொஞ்சம் கரகரக்கிற அதே இழுப்பு. தன் குரலை அவள் கொடுக்கவே இல்லை. லேப்டாப்பை அணைத்தாள். விசிறி நின்றது. வீடு அமைதியாயிற்று.

அப்போதுதான் உறைத்தது. கீழே டிவி ஓடவில்லை. பையைத் தொப்பென்று போடும் சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெட்டியில் "அம்மா, நான் வந்துட்டேன்" என்று கேட்டது, கேட் திறந்தது, அவ்வளவுதான் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு படிவரைக்கும் போனாள்.

"அம்மா, தண்ணி" என்றது கீழே கீதாஞ்சலியின் குரல்.

எட்டிப் பார்த்தாள். படிக்குக் கீழே கதவு திறந்திருந்தது, யாரும் தெரியவில்லை.

"அம்மா, தண்ணி நான்." கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி வந்துட்டேன்." பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல, "அம்மா. அம்ம். அம்மா."

போன் அடித்தது. ஸ்கூல் வேன் ஓட்டும் முருகையன்.

"பௌர்ணமி கூட்டங்க, ரோட்டை மறிச்சுட்டாங்க, கீழ்பென்னாத்தூர் ரோட்டு வழியா சுத்தி வந்துனு இருக்கேன். பாப்பா என் பக்கத்துலதான் இருக்குது. ரெண்டு நிமிசத்துல வந்துடுவேன்." பின்னால் கீதாஞ்சலி ஏதோ பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

வராதீங்க, பாப்பாவை இறக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். போனிலேயே, அவளுக்கு முன்னால், அவள் குரல் சொன்னது.

"சரிங்க அண்ணா. வாசல்ல விட்டுட்டுப் போயிடுங்க."

முருகையன் போனை வைத்துவிட்டான்.

படியில் பாய்ந்தாள். படிக்குக் கீழே இருந்த கதவு இப்போது மூடியிருந்தது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம். தள்ளினாள். அசையவில்லை. மேலே ஓடினாள். ஜன்னல். கம்பி. வேனின் ஹாரன். கீதாஞ்சலி இறங்குகிறாள். ஒரு சாக்ஸ் கணுக்காலில் சுருண்டிருக்கிறது. வேன் போய்விட்டது.

குழந்தை பெட்டியின் முன்னால் எக்கி நின்றாள்.

"அம்மா, நான் வந்துட்டேன்."

அருணாதேவி கம்பியைப் பிடித்துக்கொண்டு உயிரெல்லாம் திரட்டிக் கத்தினாள். போடி, உள்ளே வராதே, ஓடு.

அதற்கு முன்னால் பெட்டி பேசிவிட்டது.

"வரேன்டி தங்கம்."

கேட் திறந்தது. குழந்தை ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, அம்மா குரல் வந்த பக்கம் ஓடினாள். வாசல் நிழலிலிருந்து ஒரு கை நீண்டு பையை வாங்கிக்கொண்டது. அந்தக் கையிலும், கம்பியைப் பிடித்திருந்த இவள் கையிலும் அதே இரண்டு வளையல்கள்.

அவள் படியிறங்கி ஓடிக் கதவில் அடித்தாள். கத்தினாள். அடித்தாள். கீழே பேச்சுக் குரல் கேட்டது.

"மேல இன்னாம்மா சத்தம்?"

"வேலை ஓடுதுடி. அது அப்படித்தான் கத்தும்."

பிறகு வேர்க்கடலை உரிக்கும் சத்தம் கேட்டது.