பச்சை மிலாறு

பிள்ளை கொழுத்திருந்தாள். ஜீவராணிக்கு முதலில் இடித்தது அதுதான்.

ரெண்டரை வருஷம் குவைத்தில் ஊரான் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, இரத்தினபுரியில் ஒன்று, றக்வானையில் ஒன்று என்று பஸ் மாறி, மழையில் ஊறிய பையோடு தேயிலைத் தோட்டத்து லயத்துப் படியேறியபோது, எலும்பும் தோலுமாக ஒரு மகளைப் பார்க்கத்தான் அவள் மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். மே மாத மழையில் மலை சரிந்து ரோட்டு அடைபட்டு, தோட்டமே பதினாறு நாள் பட்டினி கிடந்ததை அங்கேயே கேள்விப்பட்டு அழுதவள் அவள். ஆனால் நிரோஷா கன்னம் திரண்டு, கைகால் மினுமினுத்து, கோதுமை மாவு பூசியதுபோல் வெளுத்து நின்றாள். பார்த்ததும் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்து ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா, என்னதான் குடுத்தீங்க? இப்படி ஊதிப்போயிருக்கா?"

"குடுக்கிறதக் குடுத்தோம்," என்றாள் அக்கா வெள்ளையம்மா.

அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் வெள்ளையம்மா வாயைத் திறந்தால் லயமே காதைப் பொத்திக்கொள்ளும். பிள்ளை இல்லாத வீடு, புருஷன் காத்தமுத்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான் என்று அவளே சிரித்துச் சொல்வாள். அதனால்தான் நிரோஷாவை அவளிடம் விட்டுப்போக ஜீவராணிக்கு மனம் வந்தது. ஜீவராணியின் புருஷனோ கொழும்புக்கு வேலைக்கென்று போனவன், போனவனாகவே இருந்துவிட்டான்.

இந்த முறை அவள் வந்ததே மகளைக் கூட்டிப்போகத்தான். குவைத்தில் பழகிய ஒருத்தியின் தாய் மஹ்மூதா, எஹலியகொடையில் தன் வீட்டுப் பின்பக்கம் புதிதாகக் கட்டிய அறையை அவளுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். தையல் வேலை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். பிள்ளை தன் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்ன வேண்டும், தாயென்று ஒட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஒன்பது வயதுப் பிள்ளை அந்த ஒரு வாயைத்தான் வாங்க மறுத்தாள். றக்வானையில் வாங்கிய அரிசியையும் நெத்தலியையும் ஜீவராணியே ஆக்கிப் பிசைந்து நீட்டினாள். "பசிக்கலம்மா." கெஞ்சியதும் ஒரு உருண்டையை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாக்கடைக் கானுக்குள் குனிந்து துப்பிக்கொண்டிருந்தாள்.

"அவ சாப்பிட்டுட்டா," என்றாள் வெள்ளையம்மா.

"எப்பக்கா?"

"நீ குளிக்கப் போனப்ப."

"தட்டு ஒண்ணும் நனையலயே?"

"வந்ததும் வராததுமா எங்க வீட்டுத் தட்டைத் தடவிப் பாக்குறியா நீ?"

ஜீவராணி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. அவள் சமைக்கப் போனபோது அடுப்புச் சாம்பல் ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அடுப்பு வாயில் சிலந்தி வலை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை லயத்துச் சனம் மிலாறு என்று கட்டுக்கட்டாகச் சுமந்துவந்து மழைக்காலத்துக்கு அடுக்கிவைக்கும். இந்த வீட்டிலும் குசினிக்குப் பின்னால் காத்தமுத்து தடுத்துக் கட்டிய மண் அறையில் அது கூரைவரை அடுக்கியிருந்தது. அதில் ஒரு கட்டைத் தொடப்போனவளின் கையை வெள்ளையம்மா பிடித்துத் தள்ளினாள். "அதத் தொடாத. பச்ச." பக்கத்து வீட்டில் நாலு காய்ந்த குச்சி வாங்கித்தான் உலை வைத்தாள். வீடு நிறைய விறகு, அடுப்போ எரிந்து மாதக்கணக்காகிறது. இவர்கள் எதைத் தின்கிறார்கள்?

தகரத்தில் மழை கொட்டும்போது ஒன்றும் கேட்கவில்லை. மழை சற்று ஓய்ந்ததும், ஈரச் சாக்கின் வாடையோடு புளித்த கள்ளின் இனிப்பு வாடை ஒன்று பின்னறையிலிருந்து வந்து மூக்கில் ஏற, அதோடு சேர்ந்தாற்போல், யாரோ நிதானமாக நகத்தைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் சுவருக்குள்ளிருந்து கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சுவரடியில் கிடந்த வெள்ளைத் தூளை அவள் கூட்டி அள்ளினாள். பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் அதே தூள்.

"அத்தான் எங்கக்கா?"

"வேலைக்குப் போயிட்டாரு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கவ்வாத்துக் கத்தி ஆணியில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மா பின்னறை வாசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை தங்கச்சியின் கண் போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் கேட்டபோது, நிரோஷா ஜூன் மாதத்திலிருந்து வரவே இல்லை என்றார்கள். அந்த அதிர்ச்சியோடு திரும்பும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் கிருஷ்ணகுமார் உட்கார்ந்து தேயிலைக் குச்சிகளைக் கத்தியால் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். தோட்டத்துப் பையன்களில் கொஞ்சம் படித்தவன். பூச்சி எந்த மலையில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல தோட்டத்தை நடத்தும் ஐயா அவனை வைத்திருந்தார்.

"வாங்கக்கா. எப்ப வந்தீங்க?"

"நேத்துத்தான். இது என்ன தம்பி?"

"ஷொட்ஹோல். தேயிலையத் தொளைக்கிற வண்டு." பிளந்த குச்சியைத் திருப்பிக் காட்டினான். உள்ளே மோதிரம்போல் ஒரு சுரங்கம். அதன் சுவரெல்லாம் வெண்சாம்பல் பூத்திருக்க, எள்ளளவு கறுத்த வண்டு ஒன்று மெதுவாக நகர்ந்தது. "எல்லாரும் இது மரத்தத் திங்குதுன்னு நெனைக்கிறாங்க. இல்லக்கா. பொந்து மட்டுந்தான் போடும். உள்ளுக்கு இந்தப் பூசணத்தப் பயிர் பண்ணி, அதத்தான் திங்கும். குஞ்சுக்கு வேற ஒண்ணும் ஆகாது."

ஜீவராணி அந்த வெண்மையைப் பார்த்தபடி நின்றாள். வாடை மூக்கில் ஏறியது. அதே வாடை.

"மிலாறுல இருக்குமா தம்பி?"

"காயவச்சா பூசணம் செத்துரும், குஞ்சும் செத்துரும். பச்சையா ஈரத்துல அடுக்கினாத்தான் பெருகும். ஆம்பள வண்டுக்குப் பறக்கவே வராது, பொறந்த பொந்துலயே சுருங்கிக் கெடந்து சாகும். பொட்ட வண்டுதான் அந்தப் பூசணத்த வாயில அடக்கிக்கிட்டுப் பறந்து போயி, வேற மரத்துல பொந்து போட்டு நட்டு வைக்கும்." அவன் அடுத்த குச்சியை எடுத்தான். "ஒங்க அக்கா வீட்டுக்கு வரம் கெடைச்சிருக்குக்கா. ரோட்டு அடைபட்டப்ப நாங்க பலாக்கொட்டைய அவிச்சுத் தின்னு கெடந்தோம். அந்த வீட்டுல ஒருத்தர்கூட எளைக்கல."

"அத்தான் வேலைக்கு வர்றாரா?"

கிருஷ்ணகுமார் நிமிர்ந்து பார்த்தான். "வேலைப் பதிவுல அவரு பேர வெட்டி ஆறு மாசமாகுதே. ஒங்களுக்குச் சொல்லலயா?"

அவள் ஓட்டமும் நடையுமாக மலையேறினாள். பொழுது போக நேரமிருந்தும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா பிள்ளைக்கு எதையோ கொடுக்கிறாள், மருந்தோ மாயமோ, தன்னிடம் வராதபடி பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று மனம் கண்டதையெல்லாம் நினைத்தது. வாசலில் யாருமில்லை. தண்ணிப் பீலிப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. பின்னறை வாசல் காவலில்லாமல் கிடந்தது.

உள்ளே அடியெடுத்து வைத்ததும் காலுக்கடியில் தூள் மெத்தென்று அமிழ்ந்தது. சூடாக இருந்தது, ஆள் படுத்து எழுந்த பாயின் சூடு. ரெண்டு பக்கமும் மிலாறு அடுக்கு, அதன் ஒவ்வொரு குச்சியிலும் ஊசித்துளை, ஒவ்வொரு துளையிலும் நூல்நூலாக வெள்ளைத் தூள் தள்ளிக்கொண்டு நிற்க, அடுக்குக்கும் மண் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடுக்கு இருந்தது. அங்கிருந்துதான் சத்தம் வந்தது.

சுவர் வெள்ளையாக இருந்தது. முழுச் சுவரும்.

அதில் நிரோஷா வாயை வைத்திருந்தாள். கண்ணை மூடி, மெதுவாக, பால் குடிக்கிற பிள்ளைபோல். தலைமுடிக்குள் வண்டுகள் ஊர்ந்தன. அவள் தட்டிவிடவில்லை.

மூலையில் யாரோ. முழங்காலைக் கட்டிக்கொண்டு. பத்து வயதுப் பையன் அளவுக்கு.

பையனில்லை. மீசை நரைத்திருந்தது.

"அத்தான்?"

காத்தமுத்து திரும்பவில்லை. கண்ணில் படலம் படர்ந்திருந்தது. ஆறடி ஆள். தேயிலை மலையில் தலை தெரிகிற ஆள். "கதவச் சாத்துங்க," என்றார். "காத்துப் பட்டா காஞ்சிரும்."

ஜீவராணி பிள்ளையை இடுப்போடு அள்ளி வெளியே இழுத்தாள். நிரோஷா கத்தவில்லை. குசினியில் வெள்ளையம்மா வாளியோடு நின்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க என் பிள்ளைய!"

வெள்ளையம்மா வாளியைக் கீழே வைத்தாள். "பதினாறு நாளு, ஜீவா. அரிசி இல்ல, மாவு இல்ல. ஒம் பிள்ளை பசியில மண்ணத் தோண்டித் திங்குறா. மிலாறு காயாம அடுக்கிட்டோம், செவுரெல்லாம் பூத்துக் கெடந்துச்சு. மொதல்ல நான் தின்னு பாத்தேன். சாகல. அப்பறந்தான் அவளுக்குக் குடுத்தேன்." அவள் குரல் உடைந்தது. "ஒம் பிள்ளைய நான் ஒருநாக்கூடப் பட்டினி போடல."

ஜீவராணிக்கு அக்காவின் காலில் விழவும் தோன்றியது, கன்னத்தில் அறையவும் தோன்றியது. ரெண்டையும் செய்யவில்லை. "காலையில மொத பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்," என்றாள். சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"கூட்டிட்டுப் போ," என்றாள் வெள்ளையம்மா. "அவளுக்கும் நேரமாயிருச்சு."

இவ்வளவு சுலபமாகவா? ரெண்டு நாள் வாசலை மறித்துக்கிடந்தவள், விடியும் முன்னே எழுந்து பிள்ளைக்குத் தலைவாரிவிட்டாள், துணியை மடித்துவைத்தாள். நிரோஷாவைப் பின்னறைக்குள் ஒரு நிமிஷம் அழைத்துப்போய்த் திரும்ப அழைத்துவந்தாள். அத்தானை ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னதற்கு, "அவரு எங்கயும் வரமாட்டாரு," என்றாள். பஸ் ஏறும்வரை அவள் கண் கலங்கவே இல்லை. அழுதிருந்தால்கூட ஜீவராணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ரெண்டும் முன்னைவிட உப்பியிருந்தன. "நங்கி, கட்டே டொஃபியக்த?" வாயில் டொஃபியா என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். அவள் அவனைப் பார்த்தாள், பேசவில்லை. எஹலியகொடையில் இறங்கியும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோற்றுக்கும் தண்ணிக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். கோபம், ரெண்டொரு நாளில் தெளிந்துவிடும் என்று ஜீவராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறை சுத்தமாக இருந்தது. சீமெந்து வாடை அடிக்கிற புதுச் சுவர், ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தடவிப் பார்த்துத்தான் அவள் மனம் கொஞ்சம் ஆறியது.

நோன்புக் காலம். அங்கே வந்த ரெண்டாம் நாள் மாலை பாங்கு சொன்னதும் மஹ்மூதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "ஜீவராணி, கஞ்சி காய்ச்சிருக்கன், புள்ளைக்குக் கொண்டு போங்க. சூட்டோட குடுத்தா குடிப்பா." அங்கே பேரப்பிள்ளைகள் பேரீச்சம்பழத்துக்குச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியவள் ஒரு நிமிஷம் சிரித்துக்கூட விட்டாள்.

அறை இருட்டு. ஜன்னலில் துணி தொங்கியது. அவள் போடாத துணி.

"நிரோ?"

நிரோஷா சுவரோரம் முழங்காலிட்டிருந்தாள். சுவரில் துளைகள். ஊசித்துளைகள், வரிசையாக, தரையிலிருந்து ஜன்னல்வரை. ஒரு துளையில் வாயை வைத்தாள். நாக்கால் எதையோ உள்ளே தள்ளினாள். அடுத்த துளை. ஒவ்வொரு துளைக்கும் கன்னம் கொஞ்சம் வற்றியது. கடைசித் துளைக்கு வந்தபோது ரெண்டு கன்னமும் வெறும் பையாகத் தொங்கின.

வாடை எழுந்தது. புளிப்பும் இனிப்புமாக.

கோப்பை கைநழுவி விழுந்தது. கஞ்சி காலில் சுட்டது. அவளுக்கு உறைக்கவில்லை. சுவருக்குள் சத்தம் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் பிள்ளைகளின் சிரிப்பு. நடுவில் அந்தச் சத்தம். ஒன்றல்ல. பல.

நிரோஷா எழுந்து வந்தாள். ரெண்டு நாளில் முதல்முறையாகப் பேச வாயைத் திறந்தாள்.

"இங்க நல்ல ஈரம்மா. சீக்கிரம் பூத்துரும்." தாயின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவு பாசமாக. "எவ்வளவு எளைச்சுப் போயிட்டீங்க. இனிமே ஒங்கள நான் பட்டினி போட மாட்டேன்."

சுட்டுவிரலை நீட்டினாள். நுனியில் வெள்ளை. ஈரமாக. அசைந்துகொண்டு.

ஜீவராணி கத்த வாயைத் திறந்தாள்.

நிரோஷா விரலை உள்ளே வைத்தாள்.