பதினொன்று சொன்ன சாட்சி

மிதவைநகரின் எண்சோதனைக் கூடத்தில் காலை வேலை தேநீரோடு தொடங்கும். தாவீதும் பவளக்கொடியும் எதிரெதிரே உட்கார்ந்து குடும்ப எண்களைக் கையால் சோதிப்பார்கள். இயந்திரங்கள் ஆள் பார்த்துக் குடும்பங்களைப் பிரித்த காலம் ஒன்று இருந்தது. அதன் பிறகு கைக்கணக்குதான் செல்லும் என்று சட்டம் வந்தது.

நகரம் பாரம் தாங்காமல் அமிழும்போது சிலர் வேறு நகரங்களுக்குப் போயாக வேண்டும். பகா எண் கொண்ட குடும்பத்தைப் பிரிக்க முடியாது. பகு எண் என்றால், எத்தனை பகாக் காரணிகளோ அத்தனை நகரங்கள்; ஆளுக்கொரு காரணி, இனி அதுவே அவர் எண்.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. இவை ஐந்தும் சாட்சி எண்கள். இவற்றின் அடுக்குகளைக் கொண்டே, காரணி தேடாமல், ஓர் எண் பகாவா என்று சோதிப்பார்கள். ஒரு சாட்சி மறுத்தாலும் பகு எண்தான். முதல் நான்கையும் ஏமாற்றும் பகு எண் இரண்டாயிரத்து ஐந்நூறு கோடிக்குள் ஒன்றே ஒன்று. அது எது என்ற விவரம் பழைய பட்டியல்களோடு கடலுக்குள் போய்விட்டது. அந்த ஒன்றுக்காகத்தான் ஐந்தாவது சாட்சி. அது தன் மேசைக்கா வரப்போகிறது என்று தாவீது ஐந்தாவதைப் போடுவதே இல்லை. போட்டதாக ஒப்பமிடுவான்.

நகரம் மறுபடி அமிழத் தொடங்கியதால், அன்று வரிசையில் இருந்த வீடுகளுக்கு மறுசோதனை. பவளக்கொடியின் முன் 3215031751 இருந்தது.

"பதினொண்ணு மறுக்குது," என்றாள். மதியம்வரை வகுத்தாள். "நூத்தம்பத்தொண்ணு, எழுநூத்தம்பத்தொண்ணு, இருபத்தெட்டாயிரத்து முந்நூத்தம்பத்தொண்ணு. மூணு காரணி. சேந்தன் வீட்டு எண்ணு. ஒப்பம் உன்னுது."

"மறைச்சிட்டா என்னக்கா?"

"வரிசையில அடுத்த வீடு போகும். அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்றியா?"

தாவீது எழுந்து வெளியே போனான். சேந்தனும் யாமினியும் மகள் கயலோடு முடிவுக்காகப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பிறக்கும்வரை எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இவர்கள் அவன் ஒப்பத்தை நம்பி மாற்றவில்லை.

சொன்னான். சேந்தன் எழுந்து நின்றான்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்போமே, அண்ணே."

"ஆமா."

"அஞ்சாவது சாட்சி போட்டீங்களா?"

"இல்ல."

யாமினி மகளின் இடக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எந்த எண்ணு, மாமா?" என்றாள் கயல். இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக்கு முன் வகுத்தல் படிப்பவர்கள்.

"நூத்தம்பத்தொண்ணு." சின்னவருக்குச் சின்னக் காரணி என்பது விதி.

அவள் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, குனிந்து, தரையில் வகுக்கத் தொடங்கினாள். இரண்டு போகவில்லை. மூன்று, ஐந்து, ஏழு. அங்கே நிறுத்திவிடுவாள் என்று தாவீது நினைத்தான். அவள் பதினொன்றையும் போட்டாள். மீதி எட்டு. நூற்றைம்பத்தொன்றுக்கு அதுவரை போதும்.

"இது பகா எண்ணு, மாமா," என்று நிமிர்ந்தாள், அம்மாவின் கையை விடாமல். "இனிமே என்னை யாராலயும் பிரிக்க முடியாது."