துன்ஹிந்தவுக்குப் போன ஊதாச் சேலை

"ஐயோ... மீனா!"

அந்த அலறல் துன்ஹிந்த அருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

1926. ஆகஸ்ட். மாலை நான்கு மணி.

பாறை விளிம்பில் தலையில் அடித்துக்கொண்டிருந்தான் ஜெயராசா. கொழும்பில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். கீழே, பனிப்புகைக்கு நடுவில், ஒரு ஊதாச் சேலை சுழலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் காணவில்லை.

பத்தே நிமிஷத்தில் சார்ஜன்ட் கணபதி வந்து நின்றார்!

நடுக்காட்டில் பொலிஸ் இத்தனை சீக்கிரம் எப்படி முளைத்தது என்று ஜெயராசா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அழுவதில் மும்முரமாக இருந்தான்.

"யாருய்யா விழுந்தது?"

"என் சம்சாரம் ஐயா... மீனாம்பாள். கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஆகுது..."

"எப்படி விழுந்தாங்க?"

"புதுச்சேலை கால்ல தடுக்கிருச்சு ஐயா! கையப் பிடிக்கப் போனேன்... அதுக்குள்ள..."

"அழாம, காலையிலேர்ந்து சொல்லு."

சொன்னான். லீவுக்கு வந்தவர்கள். பதுளைக்கு ரயில் வந்தே இரண்டு வருஷம்தான்; இருவருக்கும் புது ஊர். காலையில் பசார் வீதி. கண்ணாடி வளையல், சந்தனச் சோப்பு, ஒரு சேலை. மீனாம்பாள் பச்சை கேட்டாள். இவன்தான் ஊதா எடுத்துக் கொடுத்தான்.

ஏன் ஊதா? அது அவனுக்கே தெரியவில்லை. கடையில் கை தானாக அதன்மேல் போய் விழுந்தது.

மத்தியானம் இராக்கம்மா கடையில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. பதுளையில் அதற்கு மேல் ஒரு சாப்பாடு கிடையாது. அப்புறம் மாட்டுவண்டி பிடித்து அருவி பார்க்க வந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷமா இருந்தா ஐயா!"

"நீ?"

"நானுந்தான்..."

"சரி, நட. இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் போவோம். அந்த இராக்கம்மாவையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

காட்டுப்பாதையில் ஜெயராசா நாலு தடவை திரும்பிப் பார்த்தான்.

"ஐயா... நம்ம பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

"யாரும் இல்லியே."

"ஈரக்கால் வச்சு நடக்குற மாதிரி... சளக்... சளக்குன்னு..."

"அருவிச் சத்தம் காதுல நிக்குது. நட!"

கணபதி அப்படிச் சொன்னாரே தவிர, அவரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆறரை மணி.

இராக்கம்மா கடையில் விளக்கேற்றியாகிவிட்டது. வேறு ஆள் இல்லை. கடைக்காரி மூன்று இலை போட்டாள்.

ஜெயராசா இலைகளை எண்ணிப் பார்த்தான்.

"மூணாவது இலை யாருக்குக்கா?"

"இதென்ன கேள்வி? ஒங்க வீட்டம்மாவுக்குத்தான். பின்னால கால் கழுவுறாங்க."

"என்னது...!"

தரையைப் பார்த்தான். சமையல்கட்டு வாசலில் ஈரக்கால் தடங்கள்! சின்னக் கால்கள். விரல்கள் அவன் பக்கம் பார்த்திருந்தன.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மெதுவாக வந்தது.

"எனக்குப் பிடிச்ச ஊதா... இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா, அத்தான்?"

ஜெயராசா இலையை மிதித்துக்கொண்டு எழுந்தான்.

"வடிவு! நீயா...! வராத! கிட்ட வராத!"

"யாருய்யா வடிவு?" என்றார் கணபதி. அந்தப் பெயர் அவருக்கும் புதுசு.

"என் மொதப் பொஞ்சாதி... மூணு வருஷத்துக்கு முன்ன கொஸ்லந்தயில... தியலும அருவியில நான்தான் தள்ளுனேன்! ஊர்ல அவ ஓடிப்போயிட்டான்னு சொன்னேன். தாலியக் கழட்டிப் பாறை இடுக்குல சொருகி வச்சேன்... ஐயா, அவ வர்றா! அவளப் போகச் சொல்லுங்க! இவளையும் நான்தான் தள்ளுனேன்... எல்லாத்தையும் ஒத்துக்குறேன்!"

கணபதி விலங்கை எடுத்தார்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துருச்சு! ஒண்ணு கேட்டா ரெண்டு குடுக்குறியே!"

"ஐயா...?"

"மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு இலைய எந்தப் பக்கம் மடிச்ச?"

ஜெயராசா காலடியில் நசுங்கிக் கிடந்த இலையைப் பார்த்தான்.

இராக்கம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"நான் சொல்றேன் கேளு. வயிறும் மனசும் நெறஞ்சவன் இலையத் தன் பக்கமா மடிப்பான். நீ எதிர்ப்பக்கமா மடிச்ச. சாவு வீட்டுல சாப்பிட்டவன் மடிக்கிற மடிப்பு! 'ஒங்க வீட்ல யாரும்மா செத்தது?'ன்னு கைகழுவ வந்த ஒம் பொஞ்சாதியக் கேட்டேன். 'யாரும் இல்லியே'ன்னா. அப்ப இனிமேதான்னு பொலிசுக்கு ஓடுனேன்!"

அவன் மனம் அப்போதே காரியத்தை முடித்துவிட்டுத் துக்கச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தது. கை அதன்படி மடித்துவிட்டது. பாவி!

"சேலை மாத்துறேன்னு அந்தம்மா பாறைக்குப் பின்னால வந்துச்சே," என்றார் கணபதி, "அங்க நான் குறுக்குவழியில முன்னாடியே வந்து இருந்தேன். விஷயத்தச் சொன்னேன். மானாப்புல்லுக் கட்டுக்கு ஊதாச் சேலையச் சுத்தி, நீ நிக்கச் சொன்ன எடத்துல நிறுத்துனோம். பனிப்புகையில நீ தள்ளுனது புல்லுக்கட்ட!"

"அப்ப... மீனா...?"

"உசுரோட இருக்கு. ஆனா புல்லுக்கட்டத் தள்ளுனவன எந்தக் கோர்ட்டுல நிறுத்துறது? நாளைக்கே நீ அந்தப் புள்ளையக் கொழும்புக்குக் கூட்டிப் போயிருப்ப. அதான் அந்தப் புள்ளையவே பேயா வந்து பேசச் சொன்னேன்... அம்மா! போதும், வெளிய வாங்க!"

சமையல்கட்டில் சத்தமே இல்லை.

"அம்மா...?"

தெருவில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. முன்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தாள் மீனாம்பாள். பாதமெல்லாம் காய்ந்த செம்மண்.

"மன்னிச்சிருங்கய்யா! நடுவழியில அச்சாணி கழண்டுருச்சு... இப்பதான் வர்றேன். இனிமே பேசட்டுமா?"

இராக்கம்மாவின் கையிலிருந்த சோற்றுக்கரண்டி கீழே விழுந்தது.

"இ... இப்பதானா வர்றீங்க? பின்னால தண்ணி மொள்ளுற சத்தம் கேட்டு நீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நீங்க அவர அத்தான்னு கூப்பிடுவீங்களாம்மா?" கணபதியின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லீங்களே... 'என்னங்க'ன்னுதான் கூப்பிடுவேன். ஏன்யா?"

கணபதி விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். யாருமில்லை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"என்னய்யா எழுதுறீங்க?" என்றாள் இராக்கம்மா.

"சாட்சிங்க பேரு. மொத சாட்சி நீங்க. ரெண்டாவது சாட்சி வடிவம்மா..." பென்சில் நுனியை நக்கிக்கொண்டார். "சம்மன எந்த விலாசத்துக்கு அனுப்புறதுன்னுதான் தெரியல!"